ஐந்தாம் நாள் வந்த 16,000 லிட்டர்

2024 மார்ச் 12 அன்று குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பகுதியில் காடு தீப்பிடித்தது. தனியார் எஸ்டேட் ஒன்றில் குப்பைக்கு வைத்த நெருப்பு காட்டுக்குள் பரவியதே காரணம் என்றது வனத்துறை. வனப் பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களும் நாள்கணக்கில் போராடியும் தீ அடங்கவில்லை. ஐந்தாம் நாள், மார்ச் 16 அன்று, சூலூரிலிருந்து விமானப் படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் வந்தது. ரேலியா அணையில் முகந்து முகந்து அது தீயின்மேல் கொட்டிய தண்ணீர் 16,000 லிட்டருக்குச் சற்று மேல்.

எஸ்டேட்டில் மருந்தடிக்க முதுகில் மாட்டும் ஸ்பிரேயரில் 16 லிட்டர் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஆயிரம் ஸ்பிரேயர் தண்ணீர். ஒரு ஹெக்டேரில் சீராகப் பரப்பினால் 1.6 மில்லிமீட்டர் மழைக்குச் சமம்.

அந்தத் தண்ணீர் எவ்வளவு நெருப்பை விழுங்கும்? ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாக சுமார் 2.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த சருகு எரிந்தால் ஏறக்குறைய 16 மெகாஜூல் வெளிவரும். அதாவது ஒரு கிலோ சருகின் வெப்பத்தை முழுதாக வாங்கிக்கொள்ள ஆறு லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவை. காட்டுத்தரையில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ சருகு கிடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 16,000 லிட்டரின் கணக்கு 2,600 சதுர மீட்டரோடு முடிந்துவிடும். நம் அளவில் 64 சென்ட். நடைமுறையில் வெப்பம் முழுவதையும் உறிஞ்ச வேண்டியதில்லை. எரியப்போகும் சருகை நனைத்தாலே தீ தயங்கும். எனவே பலன் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் ஆள் இறங்க முடியாத பாறைச் சரிவில் தீயின் வேகத்தைக் குறைப்பதுதான் ஹெலிகாப்டரால் ஆகும் வேலை. மிச்சத்தைத் தரையில் நிற்பவர்கள்தான் அணைத்தாக வேண்டும்.

ஹெலிகாப்டரில் தொங்கும் வாளி 3,500 லிட்டர் வரை கொள்ளும்; எடையில் மூன்றரை டன். எம்ஐ-17 வி5 வெளியே தொங்கவிட்டுத் தூக்கக்கூடிய உச்ச எடை 4,500 கிலோ. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. தீயின் வெப்பம் அதை இன்னும் லேசாக்கும். அந்தக் காற்றில், புகைக்கு நடுவே, அவ்வளவு கனத்தோடு ஓட்டிய விமானிகளின் திறமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்த நீலகிரி மலையில் தீக்கு வசதி அதிகம். குளிர்காலத்து உறைபனியில் ஊட்டிப் புல்வெளிகள் கருகும். பள்ளத்துத் தேயிலையும் கருகும். பிப்ரவரிக்குள் எல்லாம் மொறமொறப்பாகக் காய்ந்துவிடும். 1843-இல் இங்கே கொண்டுவந்து நட்ட கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தின் இலையில் எண்ணெய் இருக்கிறது. நெருப்புப் பட்டால், சுமார் 50 டிகிரி சூட்டிலேயே அந்த எண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளும். போதாததற்குச் சரிவு. ஏற்றம் 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் இரு மடங்கு என்பது தீயணைப்பில் பழகிய கணக்கு. 20 டிகிரிக்கு நான்கு மடங்கு, 30 டிகிரிக்கு எட்டு மடங்கு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததும் இப்படியொரு சரிவில்தான்.

செயற்கைக்கோள் எச்சரிக்கையும் வருகிறது. இந்திய வன அளவை நிறுவனம் பயன்படுத்தும் விர்ஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டருக்கு 375 மீட்டர். ஏறத்தாழ 35 ஏக்கர். அதற்குள் தீ எந்த மூலையில் என்பதை ஒருவர் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

தீ சமதரையில், எல்லாத் திசையிலும், நிமிடத்துக்கு ஒரு மீட்டர் மட்டுமே நகர்கிறது என்று கொள்வோம். பத்து நிமிடத்தில் அதன் பரப்பு எட்டு சென்ட், சுற்றளவு 63 மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஒருவர் பச்சைக்கிளையோடு நின்று அடித்தால் 13 பேர் போதும். ஒரு மணி நேரம் கழித்துப் பரப்பு 2.8 ஏக்கர், சுற்றளவு 377 மீட்டர். 75 பேர் வேண்டும். 13 பேரை எந்த எஸ்டேட்டிலும் இலை பறிக்கும் இடத்திலிருந்து கூப்பிட்டுவிடலாம். 75 பேரைத் திரட்டுவதற்குள் தீ அடுத்த மேட்டில் இருக்கும்.

தீயை அருகில் இருப்பவர்களே முதலில் அணைக்க வேண்டும் என்பதைக் கடலோடிகள் எப்போதோ சட்டமாக்கிவிட்டார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் கூப்பிட்ட குரலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. அதனால் கப்பலில் வேலைக்கு ஏறும் ஒவ்வொருவரும் தீத்தடுப்பு, தீயணைப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கப்பல் பணியாளர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை தீயணைப்பு ஒத்திகையில் நிற்க வேண்டும். பணியாளர்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முந்தைய மாதம் அந்தக் கப்பலில் ஒத்திகை பார்க்காதவர்கள் என்றால், துறைமுகம் விட்ட 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடந்தாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தீ வெல்வதுண்டு. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே 1,486 பெட்டகங்களோடு எரியத் தொடங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலைச் சுற்றிலும் கடல். ஆனாலும் ஜூன் 2 அன்று அது மூழ்கத் தொடங்கிவிட்டது. பயிற்சி இருந்தும் இப்படி என்றால், பயிற்சியே இல்லாத சரிவில் என்ன நடக்கும்?

வண்டிப்பாதை இல்லாத எஸ்டேட் மேடும் கப்பலைப் போலத்தான். அங்கே முதல் பத்து நிமிடம், பக்கத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருப்பவர்களின் கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் நின்று அடிப்பது, தீக்கு மேல்புறச் சரிவில் ஏன் நிற்கக் கூடாது, காற்று திரும்பினால் எரிந்து முடிந்த நிலத்துக்குள் எப்படி ஒதுங்குவது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

செலவைப் பார்ப்போம். காட்டை ஒட்டிய எல்லையில் ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்குத் தீத்தடுப்புக் கோடு எடுத்தால் 6,000 சதுர மீட்டர். ஓர் ஆள் நாளைக்கு 100 சதுர மீட்டர் சுத்தம் செய்வார், கூலி 500 ரூபாய் என்று கொண்டால் 60 ஆள் வேலை, 30,000 ரூபாய். பதினைந்து பேருக்கு அரை நாள் ஒத்திகை, கூலியோடு 3,750 ரூபாய். ஸ்பிரேயர் ஏற்கெனவே ஸ்டோரில் இருக்கிறது. மருந்து வாடை போகக் கழுவி, தண்ணீர் நிரப்பி மேட்டில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. மொத்தம் 33,750 ரூபாய்.

இதை எஸ்டேட்காரர்களின் விருப்பத்துக்கு விடக் கூடாது. காட்டை ஒட்டிய தோட்டங்கள் ஜனவரி முடிவதற்குள் கோடு எடுத்து, ஒத்திகை நடத்தி, வனச்சரக அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். பிப்ரவரி முதல் மழை வரும்வரை குப்பைக்கு நெருப்பு வைக்கவே அனுமதி கூடாது.