உப்புச் சுவரும் பூஞ்சணமும்

முக்காலி மேல் ஒரு சிறிய பம்பு. நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் ஐந்து நிமிடம் அறைக் காற்றை இழுக்கிறது. அந்த 75 லீற்றர் காற்றில் மிதந்த தூசும் பூஞ்சண வித்திகளும் பசை தடவிய ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொள்கின்றன. வீட்டுக்கு வெளியேயும் ஒப்பிட்டுப் பார்க்க இதேபோல ஒரு மாதிரி எடுக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒருவர் நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணுகிறார். சில நாளில் அறிக்கை வருகிறது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வீடு வாங்கி விற்றுப் பழகிய தமிழர் பலருக்கு இது புதிதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வந்து, கொழும்புத்துறையில் தகப்பன் கட்டிய வீட்டுச் சுவரில் கறுப்புப் படலத்தைக் கண்டதும் கேட்கிறார்கள்: “இதை ரெஸ்ட் பண்ண இஞ்சை ஆர் இருக்கினம்?”

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று. இந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கொழும்புத்துறை யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு விளிம்பு. ஒரு பக்கம் பாஷையூர், மறுபக்கம் அரியாலை, தெற்கே கடல்நீரேரி. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கி அதிக ஆழமில்லாமல் தங்கி நிற்கிறது. நீரேரியை ஒட்டிய இடங்களில் அந்தத் தண்ணீரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. அத்திவாரத்துக்கு மேல் தார் பூசிய ஈரத்தடுப்புப் படை இல்லாமல் எழும்பிய பழைய சுவர், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல நிலத்து நீரை மேலே இழுக்கும். நீர் காய்ந்துவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். உவர்க் கிணற்று நீரில் சீமெந்து குழைத்த வீடுகளில் கட்டிய நாளிலிருந்தே உப்பு உள்ளே இருக்கிறது.

இனித்தான் விசயம் சுவையாகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரி காலத்தில் யாழ்ப்பாணக் காற்று 80 வீதத்துக்கு மேலே நிற்பது சாதாரணம். ஆகவே கூரை ஒழுகாத, குழாய் வெடிக்காத வீட்டிலும் சுவர் வியர்க்கிறது. மேசனைக் கூப்பிட்டுப் புதிதாகப் பூசுகிறார்கள், இரண்டு மாரிக்குள் பூச்சு பொருமி விழுகிறது. கூலியையும் சீமெந்தையும் குறை சொல்லி முடிந்த பிறகும் உப்பு அங்கேயே இருக்கிறது.

தொழில்முறைப் பரிசோதகரின் கருவியே இங்கே ஏமாறும். ஈரமானி எனப்படும் கருவியின் இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினால், அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதில் பாய்கிறது என்பதை வைத்து அது ஈரத்தைக் கணிக்கிறது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். எனவே உப்பேறிய சுவரில் உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டும். மரவீடுகளில் வேலை பழகிய ஒருவர் அந்த எண்ணை அப்படியே நம்பினால், இல்லாத ஒழுக்கைத் தேடி நிலத்தை உடைக்கச் சொல்லிவிடுவார். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சணமா என்ற ஐயத்துக்குக் கருவியே வேண்டாம். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். உப்பு கரைந்து போகும், பூஞ்சணம் கரையாது.

இந்த ஊர்ச் சுவர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1995 இடப்பெயர்விலும் 2000ஆம் ஆண்டுச் சண்டையிலும் கூரை இழந்து வருடக்கணக்கில் மழையில் நின்ற வீடுகள் பின்னர் திருத்தப்பட்டு மறுபடி குடிபுகப்பட்டன. 2008 கார்த்திகையில் நிசா புயல், 2020 மார்கழியில் புரெவி என்று வெள்ளம் வேறு. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து உள்ளே போன ஈரத்தை மெல்ல வெளியே விடும். திருத்தும்போது அதன் மேல் சீமெந்துப் பூச்சும் பிளாஸ்ரிக் கலந்த பெயின்றும் ஏறியதும் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுப் போகிறது. பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் வெள்ளையடித்த வழக்கம் அழகுக்கு மட்டுமானதல்ல. புதிதாக அடித்த சுண்ணாம்பின் கடும் காரத்தில் பூஞ்சணம் வளராது. நாளாக நாளாகக் காற்றுப் பட்டு அந்தக் காரம் குறைந்துவிடும், அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. பெயின்ற் வந்து இந்த வேலையை மிச்சப்படுத்தியது உண்மை. மிச்சப்பட்டதற்கு விலை கொடுப்பதும் உண்மை.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசுகிறது. சுவர் காய வேண்டிய காலம் அது. அந்த நேரத்தில் யன்னல்கள் அடைத்துக் கிடக்கின்றன. பார்த்துக்கொள்ளப் பொறுப்பெடுத்தவர் முற்றம் கூட்டுவார், மா இலை பொறுக்குவார், உள்ளே போகமாட்டார். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியின் பின்பக்கம், மடித்த பட்டுச்சேலை, படச்சட்டங்களின் உள்ளட்டை, புத்தகம் எல்லாம் பூஞ்சணத்துக்கு உணவு. அதற்கு வேண்டியது உணவும் ஈரமும் அசையாத காற்றும். மூன்றும் அங்கே இருக்கின்றன.

சரி, உடம்புக்கு என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான வீடுகளில் இருப்போருக்குச் சுவாச நோய்க் குறிகளும் தொய்வும் கூடுதல் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் காற்றில் இவ்வளவு வித்திகள் இருந்தால் பாதுகாப்பு, இவ்வளவுக்கு மேல் ஆபத்து என்று ஓர் எல்லையை வகுக்க அது மறுத்துவிட்டது. ஈரத்தைத் தடுங்கள் என்பதே அதன் வழிகாட்டல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகமும் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்கிறது. கனடாச் சுகாதாரத் திணைக்களம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: எல்லை அளவு இல்லாதபோது காற்றுச் சோதனை முடிவை வைத்து உடல்நல ஆபத்தை மதிப்பிட முடியாது.

எண்ணிக்கையின் பலவீனம் கணக்கிலேயே தெரியும். 75 லீற்றரில் ஒரு வித்தி கண்ணில் பட்டால் அறிக்கையில் அது ஒரு கன மீற்றருக்கு 13 என்று ஏறும். சோதனைக்குச் சற்று முன் வீடு கூட்டியிருந்தால் ஓர் எண், மின்விசிறி நின்றிருந்தால் வேறோர் எண். அஸ்பர்ஜிலஸ், பெனிசிலியம் இரண்டின் வித்திகளையும் இந்த முறையில் பார்த்துப் பிரிக்க முடியாததால் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கடையில் வாங்கும் தட்டுச் சோதனை இன்னும் வேடிக்கை. மூடியைத் திறந்து வைத்தால் எந்த வீட்டிலும் ஏதாவது முளைக்கும். வெப்ப நாட்டில், மரமும் சருகும் சூழ்ந்த வளவில், வெளிக்காற்றிலேயே வித்திகள் ஏராளம்.

பயத்தை விற்பது எளிது என்பதை அமெரிக்கா பார்த்திருக்கிறது. 1990களின் நடுவில் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சணத்தின் மேல் பழி விழுந்தது. அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையம் 2000இல் தன் ஆய்வையே மறுபடி கிளறிப் பார்த்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. அது போய்ச் சேர்வதற்குள் பயம் ஊரெல்லாம் போய்விட்டது. 2001இல் பூஞ்சணம் பிடித்த வீடொன்றின் காப்புறுதி வழக்கில் ரெக்சஸ் நடுவர் குழு 3 கோடி 20 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் அது ஏறத்தாழ 40 இலட்சமாகக் குறைந்தது. பின்னர் அதே ரெக்சசில் ஒரு விதி வந்தது: ஒரே வேலையில் சோதிப்பவரும் துப்புரவாக்குபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்றால் நோய் குறையாது என்பது சட்டம் இயற்றியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பயம் வேறு வகை. 2021இல் கொரோனாவோடு இந்தியாவில் 45,000க்கு மேற்பட்டோரைத் தாக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’ வேறு பூஞ்சைக் குடும்பத்தால் வந்தது. கட்டுப்படாத நீரிழிவும் அளவுக்கு மீறிய ஸ்டீரொயிட்டும் அதற்கு வழி திறந்தன. குளியலறைச் சுவரின் கறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதற்காக அலட்சியமும் ஆகாது. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 மார்கழியில் இறந்தான். வாடகை வீட்டின் பூஞ்சணத்தைப் பற்றித் தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். கிடைத்த பதில், மேலே பெயின்ற் அடியுங்கள் என்பது. நீண்ட காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 கார்த்திகையில் மரண விசாரணை அதிகாரி தீர்த்தார். சிறுவனின் பெயரைத் தாங்கிய சட்டம் 2025 ஐப்பசி 27 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் சமூக வீடுகளில் கடுமையான ஈரம், பூஞ்சணம் பற்றிய முறைப்பாட்டை வீட்டு உரிமை நிறுவனம் 10 வேலை நாளுக்குள் விசாரிக்க வேண்டும், ஆபத்தென்று கண்டால் அடுத்த 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும், அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரம். இலண்டனில் அப்படி ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கெடுக்கள் இவை. இந்தச் சட்டத்தில் வித்தி எண்ணிக்கை எதுவும் இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

கொழும்புத்துறை வீட்டுக்குள் காற்றைக் கெடுப்பது பூஞ்சணம் மட்டுமல்ல, அதைவிடக் கெட்டவையும் உண்டு. பொழுது சாயும்போது நுளம்புக்குப் பயந்து யன்னலைச் சாத்துகிறார்கள். டெங்குக் காலத்தில் அது நியாயம். சாத்திய அறைக்குள் நுளம்புச்சுருள் கொளுத்துவதுதான் தவறு. சீன, மலேசியச் சுருள்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு நுண்துகளை விடுகிறது என்று கண்டது. வலையே மேல். அலுமாரிக்குள் போடும் நப்தலீன் உருண்டையும் குற்றமற்றதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வீட்டுக் காற்றுக்கு எல்லை வகுத்த நஞ்சுகளில் நப்தலீனும் ஒன்று. மரபுக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளில் அது செங்குருதிக் கலங்களை உடைக்கக்கூடும். எரிவாயுத் தட்டுப்பாடு வந்த 2022இல் பலர் மறுபடி விறகுக்குப் போனார்கள். பழைய குசினிகளில் புகைக்கூடு இருந்தது, புதிய குசினிகளில் பலவற்றில் இல்லை. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த வகைக்குக் கருவி உண்மையிலேயே உதவும். நுண்துகளுக்கும் காபன் மொனொக்சைட்டுக்கும் ஏற்கப்பட்ட எல்லைகள் உண்டு. 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்பது 2021இன் உலக அளவுகோல். இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளிக்காற்றை அளந்து வருகிறது. 2022 மார்கழியில் இந்தியப் பக்கத்துப் புகைமூட்டம் புயற்காற்றோடு வந்து நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் காற்றும் கெட்டிருந்தது. அத்தகைய நாளில் யன்னலைத் திறப்பதால் உள்ளே வருவது தூய காற்றல்ல. கையடக்க மானி வாங்குபவர் ஒன்றை நினைவில் வைக்கலாம்: மாரி ஈரத்தில் நீரேறிப் பருத்த துகளை அது அதிகமாகக் கணக்கிடும்.

பூஞ்சணத்தைத் துடைக்கும் வேலை பெரிய வித்தையில்லை. முகக்கவசம் போட்டு, உலர்ந்த தூரிகையால் தட்டாமல், சவர்க்கார நீரில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிளீச்சிங் ஊற்றினால் நிறம் வெளிறும், செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும். மெத்தை, அட்டை போன்றவற்றில் ஊறிவிட்டால் எறிவதே நல்லது. கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டவே கூடாது. அஸ்பெஸ்டசுக்குத் தடை கொண்டுவர இலங்கை முனைந்தபோது, 2017 மார்கழியில் ரஷ்யா எங்கள் தேயிலையில் வண்டு இருப்பதாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது; தடை பின்போடப்பட்டது, தேயிலையும் மறுபடி ரஷ்யாவுக்குப் போகத் தொடங்கியது. அந்தச் சீற்றுகள் இன்னும் எங்கள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன.

பிறகு எப்போது பரிசோதகருக்குக் காசு கொடுக்கலாம்? மணம் இருக்கிறது, எங்கும் எதுவும் தெரியவில்லை என்றால் கொடுக்கலாம். வீட்டில் தொய்வுக்காரரோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்து, வைத்தியர் கேட்டால் கொடுக்கலாம். வாங்கப்போகும் வீட்டுக்கோ, வாடகை வழக்குக்கோ எழுத்தில் அறிக்கை வேண்டுமென்றாலும் கொடுக்கலாம். வருபவர் கூரையையும் அத்திவாரத்தையும் பார்க்காமல், சுவரில் உப்பு இருக்கிறதா என்று கேட்காமல், நேராகப் பம்பை எடுத்து வைத்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம். துப்புரவாக்கும் வேலையையும் தானே செய்து தருவதாகச் சொன்னால் தேத்தண்ணியும் வேண்டாம். மிச்சக் காசில் புரட்டாசிக்குள் பீலியைத் துப்புரவாக்கி, உடைந்த ஓட்டை மாற்றி, சுவரோரம் குவிந்த மண்ணை வெட்டி இறக்கி, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.