புற்றுநோய்க் கூட்டாய்வுக்கான விதை நிதி: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

புற்றுநோய் ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்பட்டது என்னும் செய்தி வெளியாகும்போது, சிகிச்சையில் இருப்போர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, அது தமக்கு எப்போது பயன்படும் என்பதே. கடல்வாழ் உயிரினங்களிலிருந்து மருந்து காணும் ஆய்வு எனில், தூத்துக்குடி மில்லர்புரம் போன்ற கடலோர நகர்ப் பகுதிகளில் வாழ்வோருக்கு அக்கேள்வி மேலும் நெருக்கமானது. இத்தகைய ஆய்வுகள் பலவும் ‘விதை நிதி’ எனப்படும் சிறு தொகையிலேயே தொடங்குகின்றன. அந்நிதியிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

விதை நிதி என்றால் என்ன?

ஒரு கருத்து நிலைக்குமா என்று முதற்கட்டமாகச் சோதிப்பதற்குப் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு வழங்கப்படும் தொகையே விதை நிதி. வேதிப்பொருள்கள், ஆய்வு உதவியாளர் ஒருவரின் ஊதியம், மாதிரிகளைக் கொண்டுசெல்லும் செலவு ஆகியவற்றுக்கு அது போதும். கட்டடம் எழுப்பவோ பெரிய கருவி வாங்கவோ போதாது. முடிவு நம்பிக்கை அளித்தால், அதனைச் சான்றாகக் காட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை போன்ற அமைப்புகளிடம் பெருநிதி கோரலாம். முடிவு பொய்த்தால் ஆய்வு அங்கேயே நிறுத்தப்படும். அதனை வீண்செலவு என்று கருத வேண்டியதில்லை. பயன் தராத வழியை முன்கூட்டியே அறிந்துகொள்வதும் இந்நிதியின் நோக்கமாகும்.

பல துறையினர் ஏன் இணைய வேண்டும்?

கட்டி எவ்விடத்தில் மீண்டும் வளர்கிறது என்பதை அறுவை மருத்துவர் அறிவார். அதனைத் தடுக்கும் மூலக்கூறை உருவாக்க அவரால் இயலாது. வேதியியலாளர் மூலக்கூறை உருவாக்குவார். ஆனால் நோயாளியைச் சந்திப்பதில்லை. இவர்கள் இதுவரை சேர்ந்து பணியாற்றாதவர்கள் எனில், பெருநிதி வழங்குவோர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தைக் கடக்கச் சிறுநிதி உதவுகிறது. குறைந்த செலவில் புற்றுநோயை எதிர்கொள்ளும் வழிகளைத் தேடுவதற்காக, இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரித்தானியாவின் கேன்சர் ரிசர்ச் யு.கே. அமைப்பும் தலா 50 லட்சம் பவுண்டு அளிக்கும் ஐந்தாண்டுக் கூட்டுத் திட்டம் 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பல துறையினரை ஒன்றிணைப்பதே அதன் அடிப்படை நோக்கம்.

கடலிலிருந்து மருந்து: எவ்வளவு காலம் ஆகும்?

இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படும் சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டியவை, 1950களின் தொடக்கத்தில் கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்டறியப்பட்ட வேதிப்பொருள்கள். அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1969இல். முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான எரிபுலின் மருந்தின் வரலாறு இன்னும் நீண்டது. ஜப்பானிய வேதியியலாளர்கள் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து 12.5 மில்லிகிராம் அளவே பெற்ற ஒரு பொருளை 1986இல் வெளியிட்டனர். அவ்வளவு கடற்பஞ்சை மீண்டும் மீண்டும் அள்ளினால் கடலில் எதுவும் எஞ்சாது. எனவே அதனை ஆய்வகத்திலேயே உருவாக்கும் முறையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் யோஷிடோ கிஷி குழுவினர் 1992இல் கண்டனர். அதன் எளிய வடிவமே 2010இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. இடையில் 24 ஆண்டுகள்.

மன்னார் வளைகுடாவிலும் கடற்பஞ்சுகளும் கடற்பாசிகளும் மிகுதி. அவை எங்கெங்கு வளர்கின்றன என்பதைச் சங்கு குளிப்போர் ஆய்வாளர்களைவிட நன்கு அறிவர் என்றுகூடச் சொல்லலாம். எனினும், அங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கு எதனையும் சேகரிக்கலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. ‘கடற்பாசிச் சாறு புற்றுநோய் அணுக்களைக் கொன்றது’ என்னும் செய்தி பெரும்பாலும் ஆய்வகக் கண்ணாடிக் கலனில் நிகழ்ந்ததையே குறிக்கும். கலனில் உள்ள அணுக்களை உப்புநீர்கூடக் கொல்லும். அச்செய்தியை நம்பிச் சாறு, பொடி, மாத்திரை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு கீமோதெரபியையோ கதிர்வீச்சுச் சிகிச்சையையோ இடையில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது. ஏற்கெனவே அத்தகைய பொருளை உட்கொண்டு வருவோர், அதனை மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் ஒரு கூட்டாய்வு

எல்லா ஆய்வும் புதிய மருந்தைத் தேடுவதன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு, 114 ஊர்த் தொகுதிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்தனர். அம்பிளிக்கை மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை இதில் இணைந்தன. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால் அப்பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. இது விதை நிதியில் நடந்த ஆய்வன்று, பெருநிதியில் நடந்தது. ஆயினும் செவிலியர், நோயியல் வல்லுநர், புள்ளியியலாளர் ஆகியோரில் ஒரு தரப்பு விலகியிருந்தாலும் இம்முடிவு கிடைத்திராது. இப்பரிசோதனை இன்று தமிழக அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

தங்களிடம் என்ன கேட்கப்படலாம்?

பெரும்பாலும், அறுவை சிகிச்சைக்குப் பின் எஞ்சும் திசுவையோ சிறிதளவு இரத்தத்தையோ ஆய்வுக்குப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கப்படும். ஒப்புதல் படிவம் தமிழில் வழங்கப்பட வேண்டும்; படிக்க இயலாதவருக்கு ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்டப்பட வேண்டும். வீட்டிற்கு எடுத்துச் சென்று குடும்பத்தினருடன் கலந்து பேச அவகாசம் கேட்கலாம். மறுத்தாலும், பின்னர் விலகினாலும், தங்கள் சிகிச்சை எவ்வகையிலும் குறையாது. ஆய்வில் சேர்வதற்கென்று பணம் கேட்கப்பட்டால் அதனைச் செலுத்தாமல், படிவத்தில் குறிப்பிடப்பட்டுள்ள நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்கவும்.

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வு எனில், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறவும். இப்பதிவு 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் கட்டணமில்லாச் சிகிச்சையும் இழப்பீடும் பெற 2019ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன. ஒப்புதல் படிவத்தின் நகலையும் பதிவு எண்ணையும் சிகிச்சைக் கோப்பிலேயே வைத்திருக்கவும். ஐயம் எழுமாயின் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையோ 104 மருத்துவ உதவி எண்ணையோ அணுகலாம்.