இளவரசனுக்காகக் காத்திராத பெண்

நம் பிள்ளைகள் புத்தகத்தையே தொடுவதில்லை என்று சயானிலும் மாட்டுங்காவிலும் பெரியவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். இது முழு உண்மையன்று. கல்லூரிக்குப் போகும் நம் பெண்கள் பலரின் பைகளில் ஐந்நூறு, அறுநூறு பக்க ஆங்கில நாவல்கள் இருக்கின்றன. டிராகன்கள் பறக்கும், ராஜ்யங்கள் கவிழும் மாயாஜாலக் கதைகள் அவை. ரயில் நெரிசலில் நின்றபடியே படித்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களே இப்போது ஒரு குறையும் சொல்கிறார்கள்: “எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதே காதல்தான்!”

குறை நியாயமானதே. 2005-இல் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வந்தது. ஒரு சாதாரணப் பெண். அவளை விரும்பும் இரத்தக் காட்டேரி ஒருவன், ஓநாய் மனிதன் ஒருவன். 2008-இல் வந்த சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ கொடுங்கோலாட்சியை எதிர்க்கும் பெண்ணின் கதை. அங்கும் இரண்டு இளைஞர்கள். ஆட்சி என்ன ஆகும் என்பதைவிட, அவள் யாரை மணப்பாள் என்றே வாசகர்கள் கட்சி கட்டினார்கள். 2023-இல் ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ நாயகி, கலகத் தலைவன் ஒருவனின் மகனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். முதல் அத்தியாயங்களில் முறைப்பவன் முந்நூறாம் பக்கத்தில் உருகுவான் என்பது வாசகிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ‘எதிரிகள் காதலராகும் கதை’ என்று முன்கூட்டியே சொல்லி விற்பதும் உண்டு.

இந்த விஷயத்தில் நாமும் சளைத்தவர்கள் அல்லர். கல்கியின் ‘பார்த்திபன் கனவி’ல், சங்கிலியால் கட்டி இழுத்துச் செல்லப்படும் சோழ இளவரசனைப் பல்லக்கிலிருந்து பார்க்கிறாள் பகையரசரின் மகள். ஒரே பார்வைதான், காதல் பிறந்துவிடுகிறது. சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் வீரன் ஒருவன், அவனுக்காக உருகும் பெண்கள் இருவர். ‘கடல் புறா’விலும் ஏறக்குறைய அதே கணக்கு. ஆங்கிலத்தில் ஒருத்திக்கு இருவர். நம்மிடம் ஒருவனுக்கு இருவர். வேறுபாடு அவ்வளவே!

இதற்குக் காரணமும் உண்டு. இவை வாரப் பத்திரிகைத் தொடர்களாக வந்தவை. அடுத்த வாரம் வரை வாசகரை இழுத்துக் கட்டக் காதலைவிட எளிதான கயிறு இல்லை. இன்றைய ஆங்கில நாவல்களும் மூன்று பாகம், ஐந்து பாகம் என்றுதான் வருகின்றன. ஆயினும் கல்கியே ‘சிவகாமியின் சபத’த்தில் அந்தக் கயிற்றை அறுத்தார். மாமல்லரும் சிவகாமியும் மணம் புரிவதில்லை. அந்த முடிவுதான் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

காதல் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாயகி செய்ய வந்த காரியத்தைக் காதல் விழுங்கிவிடக் கூடாது. இதற்கு நம்மிடம் ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் ‘மணிமேகலை’தான் அது.

பாடப்புத்தகத்தில் சமயக் காப்பியம் என்று படித்துவிட்டு மறந்துபோனோம். அதன் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். இளம் வயதுப் பெண். உறக்கத்திலேயே ஒரு தெய்வம் அவளைக் கடல் கடந்து மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. வேற்றுரு எடுக்கவும், வானில் பறக்கவும், பசியை வெல்லவும் மூன்று மந்திரங்களைத் தருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. மாயாஜாலக் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இளவரசனும் உண்டு. சோழன் மகன் உதயகுமரன் அவளை விடாமல் துரத்துகிறான். அவள் கல்மனத்தவள் அல்லள். அவள் நெஞ்சும் அவன்பால் செல்கிறது. முற்பிறப்பில் அவன் அவளுடைய கணவன் என்றும் தெரியவருகிறது. ஆனால் கதை அவனை நோக்கித் திரும்பவில்லை. அவள் காயசண்டிகை என்பவளின் உருவெடுத்துப் பசித்தவருக்குச் சோறிடுகிறாள். சிறைக்குள் சென்று கைதிகளுக்கும் இடுகிறாள். அரசனிடம் கேட்டு அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்குகிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியைத் தேடிவந்தவன் என்று தவறாக எண்ணி உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். மணிமேகலை கதறுகிறாள். ஆனால் அத்துடன் கதை முடியவில்லை. பின்னர் பஞ்சம் வாட்டும் காஞ்சிக்குச் சென்று அமுதசுரபியை ஏந்துகிறாள்.

இந்நூலை உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்தார். நூற்றாண்டுக்கு மேலாக நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஆங்கில வழியில் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு இக்கதையை யார் சொல்வது?

நாம்தான் சொல்ல வேண்டும். செய்யுளாக வேண்டாம். சாப்பாட்டு வேளையில், ரயில் பயணத்தில், கதையாகவே சொல்லுங்கள். மந்திரத்தையும் சொல்லுங்கள், பசியையும் சொல்லுங்கள். யாரை மணப்பாள் என்ற ஒரே கேள்விக்குள் ஒரு பெண்ணின் கதை அடங்கிவிடாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொந்த மொழியிலேயே கேட்கட்டும்.