கொரோலேவ் கேட்ட எரிபொருள்

1950களில் வெர்னர் ஃபான் பிரவுன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி விண்வெளிப் பயணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஈடாக சோவியத் ராக்கெட்டுகளைக் கட்டியவருக்கோ வெளியுலகில் பெயரே இல்லை; 'தலைமை வடிவமைப்பாளர்' என்ற பதவி மட்டும்தான். ஸ்புட்னிக்கை அனுப்பியவரும் யூரி ககாரினை வழியனுப்பியவரும் அவரே: செர்கேய் கொரோலேவ். 'பிராவ்தா' நாளிதழில் எழுதினாலும் புனைபெயரில்தான் எழுத வேண்டும்.

அவர் பட்டது கொஞ்சமல்ல. 1938இல் பொய்க் குற்றம் சாட்டிப் பிடித்துப்போனார்கள். கொலிமா கைதி முகாமில் ஸ்கர்வி நோய் கண்டு பற்கள் உதிர்ந்தன. அப்படி நடத்திய அரசுக்காகத்தான் பின்னாளில் இரவு பகல் பாராமல் உழைத்தார். நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

நிலவுக்கான என்1 ராக்கெட்டுக்கு எந்த எரிபொருள் என்பதில், இளமையில் உடன் வேலை பார்த்த வாலென்டின் குளுஷ்கோவோடு பிணக்கு முற்றியது. குளுஷ்கோ விரும்பிய நச்சு எரிபொருளை நம்பி மனிதரை ஏற்ற முடியாது, மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான் வேண்டும் என்றார் கொரோலேவ். எஞ்சின் மேதையான குளுஷ்கோ மறுத்துவிட்டார். வேலை, விமான எஞ்சின் செய்துவந்த நிக்கொலாய் குஸ்னெத்சோவிடம் போனது. அவரால் சிறு எஞ்சின்களைத்தான் தர முடிந்தது. முதல் கட்டத்துக்கு மட்டும் 30 தேவைப்பட்டன. அத்தனையையும் சேர்த்து எரித்துப் பார்க்கத் தரையில் ஒரு மேடைகூடக் கட்டவில்லை.

1966 ஜனவரியில், 59 வயதில், அறுவை சிகிச்சையின்போது கொரோலேவ் இறந்தார். பெயரும் படமும் அதன்பிறகே செய்தித்தாளில் வந்தன. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவிய என்1, நான்கு முறையும் தோற்றது. அவர் உயிரோடிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்பாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணமும் காலமும் அவர் இருந்தபோதே போதவில்லை.

இன்று, மாஸ்கோவை அடுத்து விண்வெளிக் கட்டுப்பாட்டு மையம் இருக்கும் நகரத்தின் பெயரே கொரோலேவ்; 1996இல் சூட்டினார்கள். என்1இன் தொட்டித் துண்டுகள் பைக்கனூர் ஏவுதளத்தில் நிழற்கூரைகளாயின. அழித்துவிடச் சொன்ன எஞ்சின்களைக் குஸ்னெத்சோவின் ஆட்கள் கிடங்கில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1990களில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அவற்றை வாங்கியது. 2013இல் வர்ஜீனியாவிலிருந்து கிளம்பிய அன்டாரெஸ் ராக்கெட்டைத் தூக்கியவை, சற்று மாற்றியமைத்த அந்த நிலவு எஞ்சின்களே. 2014 அக்டோபரில் ஒரு அன்டாரெஸ் கிளம்பிய சில நொடிகளில் வெடித்ததும் அந்த எஞ்சின்களைக் கைவிட்டார்கள். 2016இல் மாற்றாக வந்தவை, குளுஷ்கோ தொடங்கி வளர்த்த நிறுவனத்தின் எஞ்சின்கள். அவை எரித்தது மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்.