மனனமும் சோதனையும்: முத்துக்குளித்துறை தரும் பாடம்

திருமறை வசனங்களை மனனம் செய்தல் நமது ஞாயிறு பள்ளிகளிலும் திடப்படுத்தல் வகுப்புகளிலும் நெடுங்காலமாக நிலவிவரும் பழக்கமாகும். ஆயினும், சோதனை வேளையில் அவ்வசனங்கள் எவ்விதம் துணை நிற்கின்றன என்பதை நாம் அதிகம் ஆராய்வதில்லை. தூத்துக்குடிக் கடற்கரையின் வரலாறு இதனைச் சிந்திக்க நமக்கு உதவுகிறது.

1. மந்திரமா, வாக்கா?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலின் முத்துக்குளிப்பைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, குளிப்போருக்குத் தீங்கு செய்யாதபடி பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்கிறார். முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு உரியது. அக்கட்டு பகலுக்கு மட்டுமே. இரவில் அது அவிழ்க்கப்பட்டுவிடும். 'கடல்கட்டி' எனப்பட்ட இத்தகையோர் 19ஆம் நூற்றாண்டிலும் குளிப்புக் காலங்களில் இருந்தனர்.

வசனத்தையும் இவ்விதமான காப்புக் கட்டாகக் கருதும் மனப்பான்மை விசுவாசிகளிடையே இல்லாமலில்லை. 91ஆம் சங்கீதத்தை ஆபத்து அணுகாதபடி ஓதுவோர் உண்டு. ஆனால் அதே சங்கீதத்தை நம் ஆண்டவரிடம் எடுத்துரைத்தவன் சோதனைக்காரனே (மத். 4:6). ஆகவே வசனத்தை மனப்பாடமாக அறிந்திருப்பது மட்டும் வெற்றியன்று.

ஆண்டவர் அளித்த மூன்று மறுமொழிகளும் உபாகமம் 6, 8ஆம் அதிகாரங்களினின்று வந்தவை. வனாந்தரத்தில் இஸ்ரவேல் பசியினாலும் ஐயத்தினாலும் தவறிய வரலாற்றை நினைவூட்டும் பகுதி அது. ஆண்டவர் தனித்த சொற்றொடர்களை ஆயுதமாக வீசவில்லை. இஸ்ரவேல் தவறிய இடத்தில் கீழ்ப்படிதலுள்ள குமாரனாக நின்றார்.

2. மனனமும் மன்றாட்டும்

1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தருடைய ஜெபம் முதலியவற்றைப் பிறர் உதவியுடன் தமிழாக்கித் தாமும் மனனம் செய்தார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். சிறுவர் தம் வீட்டாருக்குக் கற்பித்தனர். ஒவ்வொரு கற்பனையைச் சொன்னபின்னும் அதைக் கைக்கொள்ள அருள் வேண்டி அனைவரும் மன்றாடினர். சபைப் பிரிவால் அவர் நம்மினின்று வேறுபட்டவராயினும் இம்முறை நம் கவனத்துக்குரியது. கட்டளை வாயிலேயே நின்றுவிடாமல் மன்றாட்டாக மாறியது.

3. பொருளறிந்த மனனம்

அத்தமிழாக்கத்தில் ஒரு பிழை இருந்தது. விசுவாசத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் 'எனக்கு வேண்டும்' என்ற சொற்கள் அமைந்திருந்தன. சவேரியார் இதனை உணர்ந்து, தம் உடன் ஊழியரான மான்சில்யாசுக்குத் திருத்தம் எழுதினார். நாவு பழகிய சொல்லின் பொருள் தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு இஃது எச்சரிக்கை. 'விசுவசிக்கிறேன்' என்று வாய் சொல்ல, 'எனக்கு வேண்டும்' என்று உள்ளம் சொல்வதே சோதனையின் இயல்பு அன்றோ?

நமது பணி

தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை, துறைமுகமோ பெருகியுள்ளது. கணக்கைச் சற்றே மாற்றினால் பணம் கிட்டும் என்ற நிலையில் கிட்டங்கியில் தனித்திருக்கும் இளைஞனுக்கு, பரிசுக்காகச் சிறுவயதில் ஒப்புவித்த வசனம் தானாகவே துணைவராது. ஆகவே ஆயர்கள் ஒரு வசனத்தைக் கற்பிக்கும்போது அதன் சூழலை விளக்கி, அதனை மன்றாட்டாக்கப் பழக்கி, எத்தகைய சோதனையில் அது தேவைப்படும் என்பதையும் அவனோடு பேசுவார்களாக. மந்திரக் கட்டு இரவில் அவிழும், உள்ளத்தில் குடிகொண்ட வாக்கோ இரவும் பகலும் தியானிக்கப்படுவது (சங். 1:2).