காற்று கடலில், வழக்கு கிராமத்தில்

கடலில் காற்றாலை என்றதும் நம் கண்முன் வருவது அலைகளுக்கு நடுவே சுழலும் வெள்ளை இறக்கைகள்தான். அந்த மின்சாரம் கரையேறி வீட்டு விளக்குவரை வரும் பாதையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் ஒரு பெரிய திட்டம் நீதிமன்றம் ஏறியது அந்தப் பாதையால்தான்.

ஸ்வீடன் அரசுக்குச் சொந்தமான வாட்டன்ஃபால் நிறுவனம், நார்ஃபோக் கரையிலிருந்து சுமார் 47 கிலோமீட்டர் தொலைவில் ‘நார்ஃபோக் வேன்கார்ட்’ என்ற 1,800 மெகாவாட் காற்றாலைப் பண்ணையைத் திட்டமிட்டது. பக்கத்திலேயே அதே அளவில் ‘போரியஸ்’ என்ற இன்னொன்று. மின்கம்பிகள் கரையேற வேண்டிய இடம் ஹேஸ்பரோ. (ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் இப்படி உச்சரிக்கத் தோன்றாது!) கடல் அரிப்பால் வீடுகளைப் பறிகொடுத்து வரும் ஊர் அது. அங்கிருந்து விளைநிலங்களுக்கு அடியில் சுமார் 60 கிலோமீட்டர் போய், நெக்டன் கிராமத்துக்கு அருகே தேசிய மின்கட்டமைப்பில் இணைய வேண்டும்.

முதல் சிக்கல் கடலோரத்தில் எழுந்தது. நாம் வீட்டில் பயன்படுத்துவது மாறுதிசை மின்சாரம். அதைப் புதைகம்பியில் நெடுந்தூரம் அனுப்பினால் கம்பியே மின்தேக்கிபோல் நடந்துகொண்டு, மின்சாரத்தின் ஒரு பகுதியை வீணாக்கும். அதைச் சரிக்கட்ட, வழியில் ஓர் இடைநிலையம் கட்ட வேண்டும். நேர்திசை மின்சாரத்தில் இந்தத் தொல்லை இல்லை, கம்பிகளும் குறைவு. கரையோர மக்கள் அதையே வலியுறுத்தினார்கள். 2018இல் நிறுவனம் இறங்கி வந்தது. இடைநிலையம் கைவிடப்பட்டது, தோண்ட வேண்டிய பாதையும் குறுகியது. எதிர்ப்பவர்களை முட்டுக்கட்டை போடுபவர்கள் என்பது சுலபம். இங்கே அவர்களால் திட்டம் மேம்பட்டது என்றே சொல்வேன்.

நெக்டனுக்கு மட்டும் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. நேர்திசை மின்சாரத்தை மீண்டும் மாறுதிசைக்கு மாற்ற, பெரிய கிடங்குகளைப் போன்ற கூடங்கள் தேவை. ஏற்கெனவே டட்ஜன் காற்றாலைப் பண்ணையின் துணை மின்நிலையம் அங்கே இருக்கிறது. இப்போது வேன்கார்டுக்கு ஒன்று, போரியஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சமாளிக்கலாம். சேர்ந்தால்?

இந்தக் கேள்வியை அரசு தள்ளிப்போட்டது. 2020 ஜூலையில் வேன்கார்டுக்கு அனுமதி தந்த அமைச்சர், இரண்டும் சேர்ந்து நெக்டனில் ஏற்படுத்தும் பாதிப்பை போரியஸ் விண்ணப்பத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். உள்ளூர்வாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனமே கூட்டுப் பாதிப்பு பற்றிய விவரங்களைக் கொடுத்திருக்கும்போது அதை ஒதுக்கியது சட்டவிரோதம் என்று 2021 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி ரத்து. ஒரு தனி மனிதர், 1,800 மெகாவாட் திட்டம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஓராண்டில் மறுபடியும் அனுமதி வந்துவிட்டது. கூட்டுப் பாதிப்பை இம்முறை எடைபோட்ட அரசு, நாட்டின் மின்தேவையே பெரிது என்று முடிவெடுத்தது. பக்கத்து சஃபோக் வட்டாரத்தின் ஃப்ரிஸ்டன் கிராமத்தாரும் இதுபோன்ற துணை மின்நிலையத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள்.

இந்த ஊர்க்காரர்களில் பலர் காற்றாலைக்கு எதிரிகள் அல்லர். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கம்பி இழுத்து, தனித்தனியாக நிலையம் கட்டுவானேன்? கடலிலேயே பண்ணைகளை இணைத்து, சில இடங்களில் மட்டும் கரையேற்றலாமே என்பதுதான் அவர்கள் வாதம். வெறும் ஆதங்கமல்ல இது. பிரிட்டனின் மின்கட்டமைப்பு இயக்குநர் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வு, அப்படிச் செய்தால் 2050க்குள் சுமார் 600 கோடி பவுண்ட் மிச்சமாகும், கரையேறும் இடங்கள் உள்ளிட்ட புதிய கட்டமைப்புகள் பாதியாகக் குறையும் என்று கணித்தது. வேன்கார்டும் போரியஸும் ஒரே நிறுவனத்துடையவை என்பதால் ஒரே கம்பிப் பாதையைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. வெவ்வேறு முதலாளிகள் என்றால் அது அவ்வளவு எளிதல்ல.

செலவு ஏறியதால் 2023 ஜூலையில் போரியஸை நிறுத்திவைத்த வாட்டன்ஃபால், அந்த ஆண்டு இறுதியில் இந்தத் திட்டங்களை ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. விலை 96.3 கோடி பவுண்ட். நெக்டனில் மின்கட்டமைப்போடு இணையும் உரிமையும் அதில் அடக்கம்.