249 கிராம் ட்ரோனும் சிவப்பு மண்டலமும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு நிக்காஹ் நடத்தி வைக்கச் சென்றிருந்தோம். குத்பா ஓதி முடித்து வெளியே வந்தால், பள்ளிவாசல் மினாராவுக்கு மேலே ட்ரோன் ஒன்று வட்டமடித்துக் கொண்டிருந்தது. "தம்பி, உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறதே, இதை இங்கே பறக்க விடலாமா?" என்று புகைப்படக்காரரிடம் கேட்டோம். "ஹஜ்ரத், இது 249 கிராம்தான். 250-க்குக் கீழே இருந்தால் எந்தப் பெர்மிஷனும் வேண்டாம்" என்றார். அவர் அத்தனை உறுதியாகச் சொன்னதால் நாமும் பேசாமல் வந்துவிட்டோம். ஊர் திரும்பி விதிகளை எடுத்துப் படித்தபோதுதான், அவர் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. வம்பு இருப்பது மீதிப் பாதியில்.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள். இவை இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கின்றன. ட்ரோனின் எடை என்ன? அது பறக்கும் இடம் எது? எடைக்குக் கிடைக்கும் சலுகை இடத்துக்குப் பொருந்தாது. இந்த ஒன்றைத்தான் பலரும் குழப்பிக் கொள்கிறார்கள்.

எடையை எடுத்துக் கொள்வோம். 250 கிராம் வரை உள்ளது நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ட்ரோனை இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவையும் சொந்த விருப்பத்துக்காகப் பறக்க விடுபவருக்குச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பணம் வாங்கிக் கொண்டு கல்யாணத்தைப் படமெடுப்பது தொழில். ஆகவே மைக்ரோ ட்ரோனுடன் வரும் புகைப்படக்காரருக்குச் சான்றிதழ் அவசியம். அதைப் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ட்ரோனுக்கென்று தனி அடையாள எண்ணும் பதிந்து வாங்க வேண்டும்.

அடுத்தது இடம். நாட்டின் வான்வெளி முழுவதையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடமாக வெளியிட்டிருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் தூரம் வரை கட்டுப்பாடு உண்டு. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. அங்கே 249 கிராமும் ஒன்றுதான், 24 கிலோவும் ஒன்றுதான்.

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், நம் மக்கள் காலங்காலமாக வாழும் கடற்கரை ஊர்களின் பக்கத்தில்தான் இத்தகைய கேந்திரங்களும் இருக்கின்றன. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் உச்சிப்புளி விமானதளம். மண்டபத்தில் கடலோரக் காவல்படை. காயல்பட்டினத்துக்கு வடக்கே தூத்துக்குடி துறைமுகமும் அனல்மின் நிலையமும். தெற்கே குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம். பழவேற்காட்டுக்கு ஒருபுறம் ஸ்ரீஹரிகோட்டா, மறுபுறம் எண்ணூர். இதனால் நம் ஊர் முழுக்கச் சிவப்பு என்று அர்த்தமில்லை. ஒரே ஊரின் ஒரு தெரு பச்சையாகவும் கொஞ்சம் தள்ளி வேறு நிறமாகவும் இருக்கலாம். வரைபடமும் மாறக்கூடியது. தலைவர்கள் வருகையின்போது தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கும் அதிகாரம் எஸ்.பி. நிலையிலுள்ள காவல் அதிகாரிக்கே இருக்கிறது. ஆகவே போன பெருநாளில் பறக்க விட்டோமே என்ற சமாதானம் செல்லாது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் குண்டு போட வந்தவை ட்ரோன்கள். வளைகுடாவில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும்: 2022 ஜனவரி 17 அன்று அபுதாபி முஸஃப்பாவில் எண்ணெய் நிறுவனத்தின் டேங்கர்கள் தாக்கப்பட்டபோது இறந்த மூவரில் இருவர் இந்தியர். பிழைக்கப் போன தொழிலாளிகள். அந்த மாதமே அமீரகம் பொழுதுபோக்கு ட்ரோன்களை நிறுத்தி வைத்தது. காவலுக்கு நிற்பவருக்கு வானத்தில் தெரிவது ஒரு புள்ளி. கல்யாண ட்ரோனா வேறு ட்ரோனா என்று கீழிருந்து சொல்ல முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லி விடுவோம். ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. அதை எப்படியோ கட்டி விடலாம். ஆனால் ராணுவத் தளத்தின் அருகே படமெடுத்துப் பிடிபட்டால், 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வரை பேச்சு போகும். யார் நீ, படம் யாருக்குப் போகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். பிடிபட்டவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், விசாரணை முடிந்து அவன் குற்றமற்றவன் என்று தெரிவதற்குள் அவன் பெயர் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு ரீல்ஸுக்காக இந்தச் சோதனை வேண்டுமா?

எனவே கல்யாணத்துக்கு ட்ரோன் பேசும் பெற்றோர்கள், முன்பணம் கொடுக்கும் முன்பே புகைப்படக்காரரிடம் ட்ரோனின் அடையாள எண்ணையும், மைக்ரோ என்றால் பைலட் சான்றிதழையும் கேளுங்கள். அவரையே செல்போனில் வரைபடத்தைத் திறந்து, மண்டபமும் பள்ளிவாசலும் எந்த நிறத்தில் வருகின்றன என்று காட்டச் சொல்லுங்கள். நிக்காஹ் நாளன்று காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். காட்டத் தயங்கினால் ட்ரோன் வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தொகையைக் கழித்துக் கொள்ளுங்கள்.

துபையிலிருந்தோ கத்தரிலிருந்தோ தம்பிக்கு ட்ரோன் வாங்கி வரும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. பெட்டிக்குள் துணிக்கு நடுவே சுற்றி வைத்துக் கொண்டு வந்தாலும், ஸ்கேனரில் பேட்டரி தெரியத்தான் செய்யும்.